அறுநூற்று நாற்பத்தொன்று

சிவகாசியிலிருந்து வாக்குத்தத்த அட்டைகள்
வெட்டாத தாள்களாகவே வந்துவிட்டன.
வெட்டித் தரக் கூலி தனியாம்.
டிசம்பர் முப்பது, குருமனைச் சாப்பாட்டு மேசையில்
உபதேசியார் யாபேஸ் கத்தரியை என் பக்கம் தள்ளி
"நீதானட்டி கணக்குப் படிக்கே" என்றார்.
கணக்கில்லை, புள்ளியியல்.
பாளையங்கோட்டையில் மூன்றாம் ஆண்டு.
திருத்தவில்லை.

தாளுக்கு முப்பத்திரண்டு வசனம்.
இருபது தாளிலும் அதே முப்பத்திரண்டு.
எங்கள் சபையில் ஒவ்வொரு வாக்குத்தத்தமும்
இருபது பேருக்குப் போகிறது.
அந்த இருபது பேரும்
தனக்கு மட்டும் என்று பைபிளில் செருகிக்கொள்கிறார்கள்.

இருபத்தொன்றாவது தாளில்
ரோஜாப்பூ விழுந்திருந்தது, எழுத்து விழவில்லை.
"சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆகும்" என்று
ஓரமாய் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.
அவர் வருவதற்குள் அதில் ஒன்றை வெட்டிக்
கூடைக்குள் போட்டுக் கிளறிவிட்டேன்.

குறும்பு என்று சொல்லமாட்டேன்.
வகுப்பில் ஒரு குடுவை வரும்,
சிவப்புப் பந்துகள், ஒரே ஒரு வெள்ளைப் பந்து,
பார்க்காமல் கைவிட்டு எடுப்பவன் ஒருவன்.
அவனுக்கு முகம் இருக்காது.
எனக்கு முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு நீண்ட ஆயுசு என்று வந்த வருடம்
ஆகஸ்டைத் தாண்டவில்லை.
அட்டை இன்னும் பீரோக் கண்ணாடியில் இருக்கிறது.
அம்மா எடுக்கவில்லை.
நானும்.

பன்னிரண்டு மணிக்கு முழங்காலில் இருந்து எழுந்து
பிள்ளைகள் தூங்கித் தூங்கி வரிசையில் நகர
"கர்த்தர் உனக்கென்று வைத்தது" என
ஐயர் ஒவ்வொருவருக்கும் தாலத்தை நீட்டினார்.
நானும் ஒன்று எடுத்தேன்.
வெளியே மேற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எல்லாம் ஒரே நேரத்தில் சிமிட்டிக்கொண்டிருந்தன.

தங்கபுஷ்பம் அக்கா முற்றத்தில் என்னைப் பிடித்தாள்.
பீடித்தூள் ஏறிய விரல்கள்.
மகன் மஸ்கட் போய்ப் பதினோரு மாதம்,
போன் நின்று ஏழு மாதம்.
"வாசி மக்கா, கண்ணாடி கொண்டாரல" என்றாள்.
அவளிடம் கண்ணாடியே கிடையாது.
ஊருக்கே தெரியும்.

ரோஜாப்பூ. அதற்குக் கீழே வெள்ளை.

அறுநூற்று நாற்பத்தொன்றில் ஒன்று, என்றது மனசு
பழக்கதோஷத்தில்.
அப்புறம் அதற்கும் பேச்சு வரவில்லை.

என் அட்டையை அவளுடையதன்மேல் வைத்து வாசித்தேன்.
தூரதேசத்திலிருந்து பிள்ளைகளைத்
திரும்பக் கூட்டிவருவேன் என்கிற வசனம்.
இதைப் போய் இவளிடம் வாசிக்கக் கூடாது என்று
பாதியில் தெரிந்தது.
வாய் முடித்துவிட்டது.

"போன வருசமும் எனக்கு இதேதான்ளா!
அவன் பிளேன் ஏறுததுக்கு முந்தி!"
சிரித்தாள், மூக்கைச் சேலையில் துடைத்தாள்.
"ரெண்டாந் தடவையும் சொல்லுதாரே."

முப்பத்திரண்டில் ஒன்று. அபூர்வமே இல்லை.
அதே அச்சகம், அதே தாள்.
இதே முற்றத்தில் இன்னும் பத்தொன்பது பேர்
இதே வரியோடு கேக்குக்கு நிற்கிறார்கள்.
அதுவும் அவள் எடுத்ததில்லை, நான் எடுத்தது.
எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.
அவள் என் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
கேக் வாங்கப் போய்விட்டாள்.

மூன்றாம் தேதி இன்டர்னல்.
ஆலங்குளத்தில் ஏறிய பஸ்ஸில்
எழுத்தில்லாத அட்டையை நோட்டுக்குள் வைத்தேன்.
நிகழ்தகவுப் பாடத்தில்தான் அது நின்றது,
நான் தேடி வைக்கவில்லை,
அப்படிச் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

அதிலிருந்து அம்மா பேசும்போதெல்லாம்
கடைசியில் கேட்கிறேன்,
தங்கபுஷ்பம் அக்கா மகன் கூப்பிட்டானா?
பிப்ரவரியில் இல்லை.
மார்ச்சில், "உனக்கென்னட்டி அந்தக் கவலை,
பரீட்சைக்குப் படி."

ஹாஸ்டலில் பத்து மணிக்கு விளக்கணைக்கிறார்கள்.
அணைத்த பிறகும் கேட்கிறேன்.
அம்மாவிடம் இல்லை.